சக்கரத்தை இறுக்கிய இரும்பு

முப்புரம் எரிக்க எழுந்தருளிய பெருமானுக்கு நிலவுலகம் தேராயிற்று. ஞாயிறும் திங்களும் சக்கரங்களாயின. மூத்த பிள்ளையாரை முதற்கண் வணங்க மறந்தமையால் அத்தேரின் அச்சு இற்றது; இற்ற இடமே அச்சிறுபாக்கம் என்பது தலபுராண மரபு. முதலில் நினைக்கத் தக்கவரை மறந்தால் தெய்வத் தேரும் ஓடாது.

கோவையிலிருந்து அவிநாசி செல்லும் பெருவழியில் அமைந்தது நம் கருமத்தம்பட்டி. மோட்டார் வண்டிகள் பெருகுமுன் பருத்தியும் தானியமும் திருப்பணிக் கல்லும் மாட்டு வண்டிகளிலேயே வந்தன. பண்டை உமணர் தம் உப்பு வண்டிகளில் சேம அச்சுக் கொண்டு சென்றதைப் புறநானூறு கூறும். நொய்யற்கரைக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. மரத்தொழிலும் இரும்புத்தொழிலும் தமிழகத்தில் அத்துணைப் பழமையுடையன.

சிறுவயதில் கொல்லுப்பட்டறை வாயிலில் நின்று யான் கண்டதைக் கூறுவேன். தச்சர் குடத்தில் ஆரக்கால்களை இறக்கி, அவற்றின் தலையில் வட்டைகளைக் கோத்துத் தருவார். கொல்லர் சக்கரத்தின் சுற்றளவை அளந்து, அதனினும் சிறிது குறைவாக இரும்புப் பட்டையை வளைத்து, முனைகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவார். பின்னர் வறட்டி அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சுவர். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 188 அங்குலம். வெப்பம் 500 பாகை செல்சியசு ஏறினால் பட்டை ஓரங்குலத்துக்குச் சற்று மேல் விரியும். அந்த ஓரங்குலத்திலேதான் தொழிலின் உயிர் இருக்கிறது. குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டுவர். மரம் கருகிப் போகுமுன் நீர் சொரிவர். குளிர்ந்த இரும்பு சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தையும் ஒன்றாக இறுக்கும். அளவு மிகுந்தால் பட்டை கழலும். மிகக் குறைந்தால் ஆரக்கால் கோணும்.

காலம் மாறிற்று. 1948க்குப் பின் ஓடாதிருந்த திருவாரூர் ஆழித்தேர், திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்தளித்த இரும்புச் சக்கரங்களோடு 1970இல் மீண்டும் ஓடிற்று. ஊர் வண்டிகளுக்கோ ரப்பர் டயர் வந்தது. இம்மாற்றங்கள் நன்றே; ஆயினும் ஓரங்குலத்தைக் கண்ணால் அளந்த கைகள் அருகிவிட்டன.

கல் ஈந்தவர் பெயரைக் கல்லிற் பொறிக்கிறோம். அக்கல்லைச் சுமந்த சக்கரத்தைச் செய்தவர் பெயர் எங்கும் இல்லை. திருப்பணிச் செல்வர்களே! இக்குடமுழுக்கு நன்னாளில் முதிய தச்சரையும் கொல்லரையும் அழைத்து முன்வரிசையில் இருத்திச் சிறப்புச் செய்யுங்கள். அவர்பால் இளைஞர் சிலரேனும் இத்தொழிலைக் கற்க வழி செய்யுங்கள். அதுவும் திருப்பணியே.

திருச்சிற்றம்பலம்.