வரி முடிந்தது, செய்தி முடிந்ததா?

கம்ப்யூட்டரின் முன் உட்காரும் எவருக்கும் வலக்கைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விசை காத்திருக்கிறது. 'என்டர்' என்று அதற்குப் பெயர். விசை ஒன்றுதான், அது செய்யும் காரியங்களோ இரண்டு. கட்டுரை எழுதும்போது தட்டினால் அடுத்த வரிக்குப் போகிறோம். நண்பருக்குச் செய்தி எழுதும்போது தட்டினால், எழுதியது அந்தக் கணமே கையை விட்டுப் போய்விடுகிறது. ஓரிடத்தில் "இன்னும் இருக்கிறது" என்று பொருள். மற்றோரிடத்தில் "அவ்வளவுதான்" என்று பொருள். நேர்விரோதமான இரண்டு அர்த்தங்கள் ஒரே விசையில் எப்படிக் குடியேறின? விசாரித்துப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் இருப்பதைக் கண்டேன்.

அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868இல் தட்டச்சு யந்திரத்துக்கு உரிமை பெற்றார்கள். 1874இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்த ரெமிங்டன் கம்பெனி தையல் யந்திரமும் செய்துகொண்டிருந்தது. ஆகவே அந்த முதல் தட்டச்சு யந்திரத்தில், ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போகக் காலால் மிதிக்க வேண்டும்! பிறகு மிதி போய்க் கைப்பிடி வந்தது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். வரி முடியப்போகிறது என்று சிறு மணி 'டிங்' என்று எச்சரிக்கும். இடக்கையால் பிடியைத் தள்ளினால் காகிதம் சுற்றிய உருளை சரேலென்று திரும்பி வரும். அதற்கு ஒரே அர்த்தந்தான்: அடுத்த வரி.

அதே யந்திரம் தமிழுக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா ஒரு நல்ல காரியம் செய்தார். தட்டினால் உருளை நகர வேண்டும் என்பது ஆங்கில யந்திரத்தின் சட்டம். தமிழ்ப் புள்ளிக்கு அது ஒத்துவராது. எனவே தட்டியும் நகராத விசையை அவர் அமைத்தார். முதலில் புள்ளி, உருளை அசையாமல் நிற்கும், பிறகு அதற்கு அடியில் எழுத்து வந்து உட்காரும். மொழி யந்திரத்துக்கு வளையவில்லை. யந்திரம் மொழிக்கு வளைந்து கொடுத்தது.

இனி அனுப்பும் விசையின் கதை. 1971இல் ஐ.பி.எம். கம்பெனி 3270 என்ற திரை யந்திரத்தை வெளியிட்டது. அதில் அடுத்த வரிக்கு ஒரு விசை, பூர்த்தி செய்த படிவத்தைத் தலைமைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப 'என்டர்' என்று வேறொரு விசை. இரண்டும் தனித்தனி, குழப்பமில்லை. வீட்டுக்கு வீடு சிறு கம்ப்யூட்டர் வந்த காலத்தில் இரண்டு வேலைகளும் ஒரே விசையில் சேர்ந்தன.

அரட்டையின் சரித்திரம் இன்னும் விநோதமானது. 1973இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 'டாக்கோமேட்டிக்' என்ற ஏற்பாடு இருந்தது. அதில் அனுப்பும் விசையே கிடையாது. தட்டத் தட்ட ஒவ்வோர் எழுத்தும் எதிராளியின் திரையில் தோன்றிவிடும். 1988இல் பின்லாந்தில் ஒய்காரினன் என்பவர் 'ஐ.ஆர்.சி.' என்ற அரட்டை முறையை உண்டாக்கினார். அதன் விதிப்படி வரியின் முடிவே செய்தியின் முடிவு. ஒரு செய்திக்குள் இரண்டு வரி இருக்கவே முடியாது. பின்னால் வந்த கம்ப்யூட்டர் அரட்டைகளிலும் என்டரைத் தட்டினால் அனுப்புவதே பெருவழக்காயிற்று.

ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய சேதமில்லை. "இல்லை" என்ற சொல் அந்த மொழியில் பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் அப்படியா? நம் வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் அல்லவா இருக்கிறது!

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் துவாக்குடியில் படிக்கிறான். 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003 முதல் தேசிய தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறதே, அங்கேதான் விடுதியில் வாசம். ஒருநாள் அந்த அம்மாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவனுக்கு எழுதினார்: "அப்பாவுக்குக் காய்ச்சல் அதிகம்". பழகிய விரல் அடுத்த வரிக்குப் போவதாக நினைத்து என்டரைத் தட்டியது. பிறகு நிதானமாக எழுதினார்: "இல்லை. நீ பரீட்சையைக் கவனி." இரண்டாவது வரி போய்ச் சேர்வதற்குள் பையன் பஸ் ஏறிவிட்டான். அதை அவன் பார்த்தது திருவெறும்பூர் தாண்டிய பிறகுதான். அவ்வளவு தூரமும் அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

பழைய தந்தியில் இந்த ஆபத்து இல்லை. படிவம் முழுவதையும் எழுதி, குமாஸ்தாவிடம் நீட்டி, அவர் சொற்களை எண்ணிக் காசு வாங்கிய பிறகே தந்தி கிளம்பும். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி விடைபெற்றது. சாவதானமும் அதனுடன் விடைபெற வேண்டும் என்பதில்லையே?

பரிகாரம் இருக்கிறது. 'ஷிஃப்ட்' விசையை அழுத்திக்கொண்டு என்டரைத் தட்டினால், பெரும்பாலான அரட்டைகளில் செய்தி போகாது. வரி மட்டும் மாறும். அதைவிட நல்ல வழி, விசையின் வேலையையே மாற்றிவிடுவது. டெலிகிராம், ஸ்லாக் போன்றவற்றின் அமைப்புப் பகுதியில், கம்ப்யூட்டரில் என்டர் அடுத்த வரிக்கு, 'கண்ட்ரோல்' விசையுடன் சேர்ந்த என்டர் அனுப்புவதற்கு, என்று நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆண்டிராய்டு போனில் வாட்ஸ்அப்பும், என்டர் அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்று நம்மையே கேட்கிறது. அனுப்பியதை அழிக்க 2017இலும், பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்த 2023இலும் வாட்ஸ்அப் வசதி செய்தது உண்மைதான். ஆனால் படித்தவர் மனத்தில் விழுந்ததை எந்த விசை அழிக்கும்?

இரண்டு விரல்களைச் சேர்த்து அழுத்துவது சிரமந்தான். அந்தச் சிறு சிரமந்தான் பழைய யந்திரத்தின் 'டிங்' மணி. எழுதியதைக் கடைசிச் சொல் வரை ஒருமுறை பார்த்துவிட்டாயா என்று அது கேட்கிறது. முத்தையா புள்ளிக்காக ஒரு யந்திரத்தையே நிற்கவைத்தார். "இல்லை" என்ற சொல்லுக்காக நாம் ஒரு விசையை நிற்கவைக்கக் கூடாதா?