கட்சியிலிருந்து சாட்சிக்கு: இடதுசாரி அரசியலில் இஸ்ரேலை எதிர்த்த யூதர்கள்

இஸ்ரேலைக் கடுமையாக விமர்சிக்கும் யூதர் ஒருவர் இடதுசாரி மேடையில் ஏறினால், கீழே இரண்டு தரப்பு காத்திருக்கிறது. ‘யூதரே சொல்கிறார், இனி என்ன வேண்டும்?’ என்று ஒரு தரப்பு அவரைத் தூக்கிப் பிடிக்கும். ‘தன் இனத்தையே வெறுப்பவர்’ என்று மறுதரப்பு தள்ளிவைக்கும். இரு தரப்புக்கும் அவர் என்ன சொன்னார் என்பதைவிட அவர் யார் என்பதே பெரிதாகிவிடுகிறது. தொடக்கத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. ஒரு காலத்தில் வெகுஜனக் கட்சியின் கொள்கையாக இருந்த எதிர்ப்பு, பிறகு தனிமனிதர்களின் சாட்சியமாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எப்படி நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

1897 ஆகஸ்டில் பாசல் நகரில் யூதர்களுக்குத் தனித் தாயகம் கோரும் சியோனிச இயக்கத்தின் முதல் மாநாட்டைத் தியோடர் ஹெர்ஸல் கூட்டினார். அதே ஆண்டு அக்டோபரில், ஜார் ஆட்சியின் கீழிருந்த வில்னாவில், போலீஸ் கண்ணில் படாமல் கூடிய சிலர் ‘பண்டு’ என்ற யூதத் தொழிலாளர் அமைப்பைத் தொடங்கினார்கள். யூதர்கள் எங்கே வாழ்கிறார்களோ அங்கேயே, தங்கள் இத்திஷ் மொழியோடும் பண்பாட்டோடும், பிற தொழிலாளர்களுடன் சேர்ந்து உரிமைக்குப் போராட வேண்டும் என்பது பண்டின் நிலைப்பாடு. பாலஸ்தீனத்துக்குக் குடியேறுவதை அது களத்தை விட்டு ஓடுவதாகவே பார்த்தது. இடதுசாரிகளோடும் அது இணக்கமாக இருந்துவிடவில்லை. யூதத் தொழிலாளர்களின் ஒரே பிரதிநிதியாகத் தன்னை ஏற்க மறுத்ததால், 1903இல் ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சியின் மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்தது. ஆனாலும் அதன் பலம் குறையவில்லை. 1938 டிசம்பரில் நடந்த வார்சா நகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகளுள் முதலிடம் பண்டுக்கே.

பண்டுக்காரர்கள் யாரும் ‘யூதன் என்ற முறையில் பேசுகிறேன்’ என்று முன்னுரை போட வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் தொழிற்சங்கங்கள், பள்ளிகள், இத்திஷ் நாளேடுகள், வாக்காளர்கள் என்று ஓர் உலகமே இருந்தது. சியோனிசத்தோடு அவர்கள் நடத்தியது குடும்பத்துக்குள் நடந்த வழக்கு. பாலஸ்தீன அரபுகள் அந்த வழக்கில் முக்கியத் தரப்பு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பண்டை இன்றைய பாலஸ்தீன ஆதரவின் நேரடி முன்னோடியாகக் காட்டும் எழுத்துகள் இதை வசதியாக மறந்துவிடுகின்றன.

தொடக்ககால எதிர்ப்பு இடதுசாரிகளுக்கு மட்டுமே உரியதும் அல்ல. மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தால் நமக்குப் பழக்கமான எட்வின் மாண்டேகு ஒரு லிபரல். 1917இல் பால்ஃபர் பிரகடனத்தை பிரிட்டிஷ் அரசுக்குள்ளேயே மிகக் கடுமையாக எதிர்த்த யூத அமைச்சர் அவர்தான். யூதர்களுக்குத் தனித் தாயகம் என்று அறிவித்தால், பிற நாடுகளில் அவர்களை அந்நியர் என்று துரத்த அதுவே சாக்காகும் என்பது அவர் அச்சம்.

பண்டின் உலகத்தை நாஜிகள் அழித்தார்கள். அதன் தலைவர்களான ஹென்ரிக் எர்லிக், விக்டர் ஆல்ட்டர் இருவரின் உயிரும் ஸ்டாலினின் சிறையில் போனது. அங்கேயே இருந்து போராடுவோம் என்ற கொள்கைக்கு அந்த ‘அங்கே’யே இல்லாமல் போயிற்று. இதன் கனத்தை ஐசக் டாய்ச்சர் அளவுக்கு நேர்மையாகச் சுமந்தவர்கள் குறைவு. கிராக்கூவுக்கு அருகே ஹசிதியம் என்ற யூதச் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, சமய மேதையாக வளர்க்கப்பட்டு, கம்யூனிஸ்டாகி, ஸ்டாலினை எதிர்த்ததற்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். 1920, 30களில் ஐரோப்பிய யூதர்களைப் பாலஸ்தீனத்துக்குப் போகச் சொல்லியிருந்தால் சில உயிர்களாவது தப்பியிருக்கும் என்று 1954இல் வெளிப்படையாக எழுதினார். அதே டாய்ச்சர்தான் 1967 ஜூன் போர் முடிந்த கையோடு ‘நியூ லெஃப்ட் ரிவியூ’ இதழுக்கு அளித்த பேட்டியில் இஸ்ரேலின் வெற்றியைக் கடுமையாகச் சாடினார். அந்த ஆகஸ்டிலேயே இறந்தும்போனார். ஒன்றை முன்வைத்து மற்றதைப் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டும் அவருடைய நிலைப்பாடுகளே.

1967 மே, ஜூன் மாதங்களில் லண்டனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே போய்வந்த கடிதங்கள் இந்த விவாதத்தின் மிகச் செறிவான ஆவணம் என்பது என் கணிப்பு. ஒருவர் ரால்ஃப் மிலிபாண்ட். 1940இல் தந்தையோடு பெல்ஜியத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குத் தப்பியவர். மற்றவர் மார்செல் லீப்மன். அண்ணனை ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்குப் பறிகொடுத்தவர். இருவரும் மார்க்சிய அறிஞர்கள், நெருங்கிய நண்பர்கள். இஸ்ரேல் பிறந்ததில் அநீதி இருந்தாலும், இன்று அங்கே வாழும் மக்களின் இருப்புக்கே ஆபத்து வரும்போது சோசலிஸ்டுகள் கைகட்டி நிற்க முடியாது என்றார் மிலிபாண்ட். அந்த அநீதி கடந்த காலத்தோடு முடிந்ததல்ல, அகதி முகாம்களில் தொடர்கிறது என்றார் லீப்மன். படுகொலையின் நிழல் இருவர்மீதும் ஒரே அளவில்தான் விழுந்திருந்தது; ஆனால் இருவரும் வந்துசேர்ந்த முடிவு வேறு. யூத அனுபவம் தானாகவே ஓர் அரசியல் முடிவைத் தந்துவிடும் என்ற நம்பிக்கை இரு முகாம்களிலும் உண்டு. அதற்கு இந்தக் கடிதங்களே போதுமான மறுப்பு. இவ்வளவு சண்டைக்குப் பிறகும் நட்பு முறியவில்லை.

அதே ஜூனில் பாரிஸில் சார்த்தரின் ‘லே தாம் மொடெர்ன்’ இதழ் ஏறத்தாழ 1000 பக்கச் சிறப்பிதழ் கொண்டுவந்தது. இஸ்ரேல் ஒரு காலனியக் குடியேற்றமே என்று வாதிட்ட மக்சிம் ரொடின்சனின் நீண்ட கட்டுரை அதில் இருந்தது. அவருடைய பெற்றோரும் ஆஷ்விட்ஸில் மாண்டவர்கள். அமெரிக்காவில் அந்த இதழை மதிப்பிட்டு எழுதிய ஐ. எஃப். ஸ்டோன், 1946இல் தப்பிப்பிழைத்த யூதர்களோடு சட்டவிரோதக் கப்பலில் பாலஸ்தீனம் போய்ப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர். இரு இனத்தாருக்கும் பொதுவான அரசு என்று அதில் எழுதியிருந்த ஓரிரு வரிகளை நீக்கினால் பெரும் செலவில் விளம்பரம் செய்கிறோம் என்று நண்பர்கள் சொன்னதையும், தாம் மறுத்ததையும் பிற்காலத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். 1948இல் கொண்டாடப்பட்ட அந்தப் பேனா, 1967க்குப் பிறகு துரோகியின் பேனாவாயிற்று.

இஸ்ரேலுக்குள்ளேயும் ஒரு சிறு குழு இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட மோஷே மக்கோவர், அகிவா ஓர் முதலானோர் 1962இல் தொடங்கிய ‘மாட்ஸ்பென்’ அது. 1967 செப்டம்பர் 22 அன்று ‘ஹாரெட்ஸ்’ நாளேட்டில் 12 பேர் கையெழுத்திட்ட சிறு விளம்பரம் ஒன்று வந்தது. ஜூன் போரில் கைப்பற்றிய பகுதிகளை விட்டு உடனே வெளியேறச் சொன்ன அந்த விளம்பரத்தில் மாட்ஸ்பென் ஆட்களும் கையெழுத்திட்டிருந்தனர்.

இந்த விமர்சகர்கள்மீது விழுந்த சந்தேகம் முழுக்க அவதூறு என்று சொல்லிவிட முடியாது. சோவியத் முகாம் அதற்குப் போதிய காரணம் கொடுத்திருந்தது. 1947இல் பாலஸ்தீனப் பிரிவினையை ஆதரித்து, செக்கோஸ்லோவாக்கியா வழியே இஸ்ரேலுக்கு ஆயுதமும் போகவிட்ட மாஸ்கோ, சில ஆண்டுகளில் தலைகீழாக மாறியது. 1952இல் பிராக் நகரில் கம்யூனிஸ்ட் தலைவர் ருடோல்ஃப் ஸ்லான்ஸ்கி வழக்கில் நிறுத்தப்பட்ட 14 பேரில் 11 பேர் யூதர்கள். ‘சியோனிஸ்ட்’ என்பது அங்கே குற்றச்சாட்டு. 1968இல் போலந்து அரசும் அதே சொல்லைக் கொண்டு யூதர்களை வேலையிலிருந்தும் நாட்டிலிருந்தும் துரத்தியது. 1983இல் மாஸ்கோ அமைத்த சியோனிச எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவர் யார்? டேவிட் டிராகுன்ஸ்கி என்ற யூதத் தளபதி. யூதப் பெயரைக் கேடயமாகப் பிடிக்கும் பழக்கத்துக்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் கிடைக்காது.

எதிர்த்தரப்பின் ஆயுதமும் பழையது. ‘யூதத் தன்வெறுப்பு’ என்பதைத் தலைப்பாக்கி தியோடர் லெஸ்ஸிங் ஜெர்மனியில் நூல் எழுதியது 1930இல். மூன்றாண்டில் நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1963இல், நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கைப் பற்றிய நூலுக்காக, சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டிடம் யூத மக்கள்மீது அன்பில்லை என்று யூதவியல் அறிஞர் கெர்ஷோம் ஷோலெம் குறைப்பட்டார். நண்பர்களைத்தான் நேசிக்க முடியும், ஓர் இனத்தை அல்ல என்ற பொருளில் ஆரெண்ட் பதில் எழுதினார்.

பிரிட்டிஷ் லேபர் கட்சியில் இந்த இரு பழக்கங்களும் மோதிக்கொண்டன. 1920 முதல் அக்கட்சியோடு இணைந்திருந்த ‘போவாலே சியோன்’ பின்னாளில் யூதத் தொழிலாளர் இயக்கம் ஆனது. ஜெரமி கோர்பின் கட்சித் தலைவராக இருந்த காலத்தில், 2017இல், அதற்கு எதிராக ‘லேபருக்கான யூதக் குரல்’ உருவானது. கட்சியில் யூத வெறுப்பு பற்றிய புகார்கள் வெறும் சதி அல்ல. சட்டவிரோதத் துன்புறுத்தலுக்குக் கட்சி பொறுப்பு என்று சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2020 அக்டோபரில் கூறியது. அந்தப் புகார்களை உட்கட்சிச் சண்டையின் ஆயுதமாக இரு அணிகளும் கையாண்டன என்று கட்சி கேட்டுக்கொண்டதன் பேரில் 2022இல் வந்த ஃபோர்ட் விசாரணை அறிக்கை சொன்னது.

2017 அக்டோபரில் அந்தக் கட்சி நீக்கிய உறுப்பினர்களில் ஒருவர், டெல் அவிவில் பிறந்த, 80 வயதைக் கடந்த, அதே மோஷே மக்கோவர். வேறொரு இடதுசாரிக் குழுவோடு தொடர்பு என்பது முறையான காரணம். யூத வெறுப்பாகத் தோன்றும் கட்டுரை எழுதினார் என்பதும் கடிதத்தில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பவே, அதே மாதம் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் இஸ்ரேலில் பிறந்த யூதர் என்பதை ஆதரவாளர்கள் மறக்காமல் சொன்னார்கள். 1930களின் நாஜிக் கொள்கைக்கும் சியோனிச இயக்கத்துக்கும் இடையிலான உறவு பற்றி அந்தக் கட்டுரை வைத்த வாதம் வரலாற்று ஆதாரங்களின் முன் நிற்குமா என்று கேட்டவர்கள் இரு பக்கமும் குறைவு.