ஹாலோவீனும் கல்லறைத் திருநாளும்

அக்டோபர் மாதக் கடைசியில் கீழப்பாவூர், பாவூர்சத்திரம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது ஒரே மாதிரியான காட்சியைக் காண்கிறோம். அமெரிக்காவிலோ கனடாவிலோ வேலை பார்க்கும் மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்புகிறார். கறுப்புச் சட்டையில் வெள்ளை எலும்புகள் வரைந்திருக்க, கையில் பிளாஸ்டிக் பூசணிக்காயோடு பேரப்பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறான். மடியில் பீடித்தட்டை வைத்திருக்கும் ஆச்சி படத்தைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறார். "எய்யா, பச்சப்புள்ளைக்கு எதுக்குய்யா இந்தக் கோலம்? வேற சட்டையே கிடைக்கலியா?" என்று கேட்கிறார். "சும்மா வெளையாட்டுக்குத்தாம்மா. ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைகளும் போடுதாங்க" என்கிறார் மகன். அத்தோடு இருவரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 2 அன்று, அதே ஆச்சி மெழுகுதிரியும் சாமந்திப் பூவுமாகத் தம் கணவரின் கல்லறைக்குப் போகிறார். அந்தப் படம் பேரப்பிள்ளைக்குப் போவதில்லை. யாரும் அனுப்புவதில்லை. அக்டோபர் 31-க்கும் நவம்பர் 2-க்கும் உள்ள உறவு என்ன, நம் குடும்பங்கள் இவ்விரு நாள்களையும் எப்படிப் பார்க்கின்றன என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஹாலோவீன் என்ற பெயரே திருச்சபையின் நாள்காட்டியிலிருந்து வந்ததுதான். 'ஹாலோ' என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்தைய மாலை என்று பொருள்படும் சொற்றொடரே சுருங்கி ஹாலோவீன் ஆயிற்று. திருத்தந்தை நான்காம் போனிபாஸ் 609-ஆம் ஆண்டு மே 13 அன்று உரோமையின் பாந்தியோன் கோவிலை அன்னை மரியாவுக்கும் மறைச்சாட்சியர் அனைவருக்கும் நேர்ந்தளித்தார். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி புனித பேதுரு பேராலயத்தில் புனிதர் அனைவர் பெயரில் ஒரு சிற்றாலயம் அமைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் நவம்பர் 1 மேற்குத் திருச்சபையில் பரவி நிலைபெற்றது. இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைக்கும் நவம்பர் 2, கி.பி. 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் புனித ஓதிலோ தம் மடங்களில் தொடங்கியது. முதல் உலகப் போரில் இளைஞர்கள் கொத்துக் கொத்தாய் மடிந்துகொண்டிருந்தபோது, 1915-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் இந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்ற அனுமதித்தார். அந்த அனுமதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

"ஹாலோவீன் அயர்லாந்தின் பழைய கெல்டிக் மக்களுடைய பேய் விழா. அதை மறைக்கத்தான் திருச்சபை புனிதர் விழாவை அந்தத் தேதிக்கு மாற்றியது" என்று சொல்லும் செய்திகள் ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் வலம் வருகின்றன. சம்ஹெய்ன் என்ற கெல்டிக் பருவகால விழா அந்நாள்களில் இருந்தது உண்மை. கோடை முடிந்து குளிர் தொடங்கும் நேரம் அது. ஆனால் அயர்லாந்துத் திருச்சபை தொடக்கத்தில் புனிதர் அனைவர் விழாவை ஏப்ரல் 20-இல்தான் கொண்டாடியது. நவம்பர் 1-ஐ முதலில் கடைப்பிடித்தவை இங்கிலாந்தும் ஜெர்மானியப் பகுதிகளும். ஆகவே அந்தச் செய்தி சொல்லும் அளவுக்குக் கதை எளிதானதல்ல. (இதே அக்டோபர் 31 நம் சி.எஸ்.ஐ. சகோதரர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். 1517-இல் மார்ட்டின் லூத்தர் தம் 95 கருத்துகளை வெளியிட்ட நாள் அது.)

வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வழக்கத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் இந்நாள்களில் ஏழைகள் வீட்டுக்கு வீடு சென்று, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பதாகச் சொல்லி, சிறு கேக்குகளைப் பெற்றுக்கொண்டார்கள். அதாவது அன்று அது பிச்சையும் செபமும் கலந்த ஒரு பரிமாற்றம். அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 1840-களின் கொடும் பஞ்சத்தில் அவர்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே பெரிதாகவும் மலிவாகவும் கிடைத்த பூசணி, கிழங்கின் இடத்தைப் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டில் வணிகம் உள்ளே வந்தது. செபம் போயிற்று, மிட்டாய் நின்றது. இன்று நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது இந்த மிச்சம்தான்.

அந்த ஆச்சியின் கேள்விக்கு வருவோம். எலும்புச் சட்டை போட்ட குழந்தையைச் சாத்தான் பிடித்துக்கொள்வானா? அப்படித் திருச்சபை எங்கும் போதிக்கவில்லை. ஆவிகளிடம் குறி கேட்பதையும் மாந்திரீகத்தையும் இணைச்சட்டம் 18-ஆம் அதிகாரம் தடுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2116-ஆம் எண்ணும் அதையே தெளிவாக்குகிறது. ஆறு வயதுப் பிள்ளையின் மாறுவேடம் அந்தக் கணக்கில் வராது. இரத்தம் வழியும் முகமூடியும் கொலைக்காட்சி அலங்காரமும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவையா என்று பெற்றோர் யோசிப்பது சரியே. அது பெற்றோரின் அன்றாடப் பொறுப்பு. அதற்குப் பேயை இழுக்கத் தேவையில்லை.

உண்மையைச் சொல்லப்போனால், பேயை இழுப்பதில் நமக்கு அமெரிக்காவின் உதவி தேவையே இல்லை. பூசணிக்காயில் முகம் வரைவதை அந்நிய நாட்டு அசிங்கம் என்கிறோம். நம் ஊரில் கட்டி முடியாத வீடுகளின் முன்னே கோரைப்பல் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. அவற்றில் சில கிறிஸ்தவ வீடுகள். உள்ளே திரு இருதயப் படமும், வெளியே அரக்கன் முகமும். குழந்தை இரவில் அழுதால் மந்திரித்த கயிறு கட்டுகிறோம். உச்சி நேரத்தில் வயற்காட்டுக் கிணற்றுப் பக்கம் போகாதே என்கிறோம். 'சந்திரமுகி'யும் 'காஞ்சனா'வும் தொலைக்காட்சியில் வந்தால் குடும்பத்தோடு பார்க்கிறோம். பிறகு பேரன் போட்ட சட்டைக்காகப் பதறுகிறோம்.

இந்தப் பயம் வெறும் வேடிக்கையாக முடிந்தால் கவலையில்லை. குழந்தை பெற்றபின் மனம் கலங்கிய ஓர் இளம்பெண்ணை, 'காத்து கருப்பு' என்று சொல்லி மாதக்கணக்கில் ஊர் ஊராக அழைத்துச் சென்ற குடும்பத்தை நாம் அறிவோம். மருத்துவரிடம் போயிருந்தால் வாரங்களில் தெளிந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. 1999-இல் வெளியான புதிய பேயோட்டும் சடங்குமுறை, நோயாளியைப் பேய் பிடித்தவர் என்று எளிதில் நம்பிவிடக் கூடாது என்று குருக்களை எச்சரிக்கிறது. ஆயரின் சிறப்பு அனுமதியின்றி எந்தக் குருவும் அச்சடங்கை நிறைவேற்ற இயலாது என்பது திருச்சபைச் சட்டம் 1172. நம் மக்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் சொல்வதில்லை.

மற்றவர்களின் நம்பிக்கையைப் 'பேய்' என்று ஒரே சொல்லில் தள்ளுவதிலும் நம் வட்டாரத்துக்கு ஒரு பழைய பாடம் உண்டு. இராபர்ட் கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில் இங்குள்ள மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே விவரித்தார். அந்நூல் பின்னாளில் அம்மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கொடை விழாவில் சுடலைமாடனையும் இசக்கியம்மனையும் வணங்குவோர் நம் பக்கத்து வீட்டார். இசக்கி கதைகளில் பெரும்பாலும் வஞ்சிக்கப்பட்டுச் செத்த ஒரு பெண்தான் வருகிறாள். அநியாயமாக இறந்தவளை மறக்க மனமில்லாத ஒரு சமூகத்தின் நினைவு அதில் இருக்கிறது. நம் விசுவாசம் வேறு. ஆனாலும் அந்த மறவாமையை இகழ நமக்கு உரிமையில்லை. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் குற்றால அருவிக்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கத் திரளும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

நம் கல்லறைத் திருநாளுக்கு வருவோம். அக்டோபர் கடைசி வாரத்திலேயே வேலை தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும், புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். மண்வெட்டியோடு போய்ச் செதுக்கி, சரிந்த மண்ணைக் கூட்டி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நவம்பர் மாதத் திருப்பலிக் கருத்துக்காக இறந்தோர் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். 2-ஆம் தேதி திருப்பலி முடிந்து பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து, திருச்சபை விதித்துள்ள நிபந்தனைகளோடு இறந்தோருக்காகச் செபித்தால் அவர்களுக்குப் பரிபூரணப் பலன் கிடைக்கும். கொரோனா காலமான 2020-இல் கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக இதை அந்த மாதம் முழுவதற்கும் நீட்டித்தார்கள். இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கத்தின் வேர் 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த நூலைத் தங்கள் விவிலியத்தில் ஏற்காத சி.எஸ்.ஐ. குடும்பங்கள் பலவும் அன்று தங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கத்தான் செய்கின்றன. நம் மண்ணின் பாசம் அது.

இவ்வளவு அழகான நாளுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகாத வீடுகள் இருக்கின்றன என்பதுதான் நமக்கு வருத்தம். "சின்னப் பிள்ளைகள் கல்லறைக்குப் போகக் கூடாது, பயந்துக்கிடும்" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இறந்தோர் என்றால் சினிமாப் பேய் மட்டுமே. பெயர் சொல்லி அழைக்க ஒரு தாத்தா இல்லை. பிறகு ஹாலோவீன் வந்து அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்தால் குறை யாருடையது?

கல்லறைத் தோட்டத்திலும் நாம் சந்திக்கத் தயங்கும் மூலைகள் உண்டு. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பு, தெரிந்தே தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இன் புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று மறைக்கல்வி 2283-ஆம் எண் சொல்கிறது. சட்டம் மாறி நாற்பது ஆண்டு கடந்தும், பூச்சிமருந்து குடித்து இறந்த மகனின் பெயரைத் திருப்பலிக் கருத்தில் எழுதக் கூசும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதி பிரித்த தடுப்புச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 1916-இல் தோற்றது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் கழிந்தும் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்த சுவர் செய்தியாகிக்கொண்டிருந்தது. எலும்புக்கூட்டுச் சட்டையைவிட அந்தச் சுவர் நம்மை அதிகம் பயமுறுத்த வேண்டும் என்று எண்ணுகிறோம்.

மற்ற நாட்டுக் கத்தோலிக்கர் ஹாலோவீனை ஒரே விதமாக எதிர்கொள்ளவில்லை. பாரிஸ் மறைமாவட்டத்தில் 2002-இல் தொடங்கிய 'ஹோலிவின்ஸ்' நிகழ்வு இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதில் பிள்ளைகள் புனிதர்களைப் போல வேடமிட்டு வருவதும் உண்டு. மெக்சிகோ மக்கள் சர்க்கரையில் மண்டையோடு செய்து, இறந்தவர்களுக்குப் பிடித்த உணவைப் படைத்து, சிரிப்பும் கண்ணீருமாக நவம்பர் 2-ஐக் கொண்டாடுகிறார்கள். அதை யுனெஸ்கோ 2008-இல் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே இரவெல்லாம் தங்கிவிடுகின்றன. நம் பங்குகளிலும் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் புனிதர் வேடப் போட்டி வைக்கலாம். செலவு அதிகமில்லை. தேவசகாயம் வேடத்துக்கு ஒரு வேட்டி போதும், நம் பக்கத்துக் குமரி மண்ணின் புனிதர், 2022-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஹாலோவீனுக்குப் போகாதே என்று தடுத்துச் சண்டையிடுவதால் பயன் கண்டவர்கள் குறைவு. பள்ளியில் தனித்து நிற்கும் வேதனை அந்தக் குழந்தைக்குத்தான். சென்ற நவம்பரில் நமக்குத் தெரிந்த ஓர் ஆச்சி வேறு வழி கண்டார். கல்லறையில் நின்றுகொண்டே பேரனுக்கு வீடியோ அழைப்புப் போடச் சொன்னார். அங்கே விடியற்காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, அதற்குள் மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்து வைத்திருந்தார். "இதான்ய்யா உன் தாத்தா. உன் பேரு இவரு பேருதான்" என்று சிலுவையிலிருந்த எழுத்தைக் காட்டினார். தூக்கக் கலக்கத்திலிருந்த பையன், "தாத்தாவுக்கு மழையில குளிராதா ஆச்சி?" என்று கேட்டான். ஆச்சி தம் குடையைச் சிலுவையின் மேல் பிடித்துக்கொண்டு அவனுக்குக் காட்டினார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு அருள்நிறை மரியே சொன்னார்கள்.