சந்தை கலைந்த ஊர்

பாரிசுக்குத் தென்கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், வூல்ஸி, துர்த்தான் என்னும் இரு சிற்றாறுகள் ஓடும் பள்ளத்தாக்கிலும் அதையொட்டிய குன்றிலுமாக அமைந்த ப்ரொவான், இன்று சில ஆயிரம் குடும்பங்கள் வாழும் சிற்றூராக இருப்பினும், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பியக் கொடுக்கல் வாங்கலின் நடுநாயகமாக விளங்கிய ஊர்களுள் ஒன்றாகும். இதை ஆண்ட ஷாம்பேன் பிரபுக்கள் தம் ஆட்சிப்பகுதியின் நான்கு ஊர்களில் ஆண்டுதோறும் ஆறு பெருஞ்சந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுமாறு வகுத்திருந்தனர். அவற்றுள் மே மாதச் சந்தை ப்ரொவானின் மேலூரிலும், செப்டம்பரில் தொடங்கும் புனித அயூல் சந்தை கீழூரிலும் கூடின.

பிளாண்டர்ஸ் நாட்டுக் கம்பளித் துணியும், இத்தாலிய வணிகர் கொணர்ந்த மிளகும் பட்டும் இங்கே கைமாறின. ஒவ்வொரு சந்தையும் வாரக்கணக்கில் நீண்டது. முதலில் கடை விரிக்கும் நாள்கள், பின்னர் துணி விற்பனை, அதன்பின் தோலும் எடைபோட்டு விற்கும் பண்டங்களும், இறுதியில் கணக்குத் தீர்க்கும் நாள்கள் எனப் படிமுறை இருந்தது. எனினும் இச்சந்தைகளின் உண்மையான முதல் சரக்கன்று, நம்பிக்கையே எனலாம். வணிகருக்கு வழிக்காவல் அளிப்பதாகப் பிரபு வாக்களித்தார். 'சந்தைக் காவலர்' எனப்பட்ட அதிகாரிகள் ஒப்பந்தங்களுக்கு முத்திரையிட்டு வழக்குகளைத் தீர்த்தனர். கடன்பட்டவன் தன் ஊருக்கு ஓடி ஒளிந்து, அவ்வூர் ஆட்சியாளரும் அவனைப் பணம் கட்டவைக்க முன்வராவிடில், அவ்வூர் வணிகர் அனைவரையுமே சந்தையிலிருந்து விலக்கிவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. ஒருவனுடைய கடனுக்கு ஊரே பிணை நின்றது என்பதால், படையெடுத்துச் செல்லாமலேயே அவர்களின் ஆணை தொலைதூர நகரங்களிலும் செல்லுபடியாயிற்று.

இந்த நாணயம் காசிலும் தெரிந்தது. கம்பளியைச் சிக்கெடுக்கும் சீப்பை நினைவூட்டும் உருவம் பொறித்த ப்ரொவான் வெள்ளிக்காசு இத்தாலியில் அத்தனை செல்வாக்குப் பெற்றதால், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோம் நகரத்துச் செனட் சபையே அதைப் பின்பற்றித் தன் காசுகளை அடித்தது.

சந்தைக்கு வெளியே, நெசவும் துணியைத் துவைத்து இறுக்கும் தொழிலும் கீழூரில் பல்லாயிரவரின் பிழைப்பாக இருந்தன. கவிஞராகவும் பின்னாளில் நவார் நாட்டு மன்னராகவும் விளங்கிய ஷாம்பேன் பிரபு நான்காம் திபோ 1230இல் ஊருக்குத் தன்னாட்சிப் பட்டயம் வழங்கினார். ஆனால் 1280ஆம் ஆண்டுவாக்கில், வரிச்சுமையை ஈடுகட்டும் பொருட்டு மாலை மணியைத் தாமதமாக அடித்து வேலைநேரத்தை நீட்டிக்க நகரத் தலைவர் கியோம் பாந்த்கோத் உடன்பட்டபோது, தொழிலாளர் கொதித்தெழுந்து அவரைக் கொன்றனர். ஷாம்பேன் பகுதியை அப்போது மேற்பார்த்த ஆங்கிலேய இளவரசர் எட்மண்ட் கிளர்ச்சியைக் கடுமையாக அடக்கினார். பின்னர் சந்தைகள் கண்ட சரிவுக்கு இக்கலகமே காரணம் எனக் கொள்வது மிகை. 1277 முதல் ஜெனோவாவின் கப்பல்கள் ஜிப்ரால்டர் வழியாக நேரே பிளாண்டர்ஸ் துறைமுகங்களை அடையத் தொடங்கின, பெருவணிகர் தாம் வீட்டிலிருந்துகொண்டு முகவர்களை அனுப்பும் வழக்கத்துக்கு மாறினர், 1285இல் ஷாம்பேன் பிரெஞ்சு முடியுடன் சேர்ந்தபின் அரசரின் போர்களும் வரிகளும் பழைய நடுநிலைமையைக் குலைத்தன.

செல்வம் நீங்கியதால் இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான தேவையும் குறைந்தது. பழையவை பல தப்பியதற்கு இதுவே முதன்மைக் காரணம். சுமார் 1,200 மீட்டர் நீள மதிலும், சதுர அடித்தளத்தின் மேல் எண்கோணமாக எழும் 12ஆம் நூற்றாண்டுக் கோபுரமும் எஞ்சியுள்ளன. இக்கோபுரத்துக்குச் 'சீசர் கோபுரம்' என்று பெயர் வழங்கினாலும் சீசருக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2001இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. திபோ சிலுவைப் போரிலிருந்து கொணர்ந்தார் என்று மரபு சொல்லும் செந்நிற ரோஜாவின் இதழ்களைச் சர்க்கரையில் பதப்படுத்தி மருந்தாக விற்ற மருந்துக்கடைத் தொழிலே பிற்காலத்தில் ஊரின் பெயரைத் தாங்கியது. மேலூரில், கனத்த தூண்கள் தாங்கும் வளைகூரைகொண்ட கல்மண்டபம் ஒன்று உள்ளது. புனித கிரியாஸ் ஆலயத்துக் குருமார் சந்தைக்காலத்தில் அதை வெளியூர் வணிகருக்கு வாடகைக்கு விட்டனர். வணிகர் வரத்து நின்றபின், விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் திருச்சபைக்குச் செலுத்தப்பட்ட தசமபாகத் தானியம் அங்கே கொட்டிவைக்கப்பட்டது. இன்றும் அம்மண்டபத்துக்கு வழங்கும் பெயர் தசமபாகக் களஞ்சியம் என்பதே.