பிழைதிருத்த டிகோடரில் மின்சிக்கனம்

செல்பேசிக்கு வரும் பிட்டுகளில் இரைச்சலால் புரண்டுபோனவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் சில்லுப் பகுதியே பிழைதிருத்த டிகோடர். 5ஜி தரவுக்கு எல்.டி.பி.சி. குறியீடு பயன்படுகிறது. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கேலகர் வகுத்தது அது.

இந்த டிகோடர் ஒரே கணக்கைப் பல சுற்றுகள் திரும்பத் திரும்பப் போடும். பேட்டரி கரைவது அங்கேதான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குறியீட்டின் சரிபார்ப்புச் சமன்பாடுகள் அனைத்தும் பொருந்திவிட்டால் உடனே நிறுத்திவிடலாம். தென்காசி ஊருக்குள் டவரை ஒட்டி நிற்பவரின் செல்பேசிக்குச் சில சுற்றுகளே போதும். பழைய குற்றாலத்தில் மலை மறைத்துச் சிக்னல் மெலிந்தால், அதே செல்பேசி கூடுதலாக உழைக்க நேரிடும்.

மின்னழுத்தத்தைக் குறைப்பது இன்னும் வலுவான வழி. பிட்டுகள் மாறும்போது செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 1 வோல்ட்டை 0.7 ஆக்கினாலே ஏறத்தாழப் பாதி மிச்சம். வேகம் குறையும்தான், இணையாக இயங்கும் அலகுகளைச் சேர்த்து அதை ஈடுகட்டுகிறார்கள். கணக்கையே எளிதாக்க, சிக்கலான சார்புகளை விட்டுவிட்டு, மிகச் சிறிய மதிப்பை மட்டும் தேர்ந்தெடுக்கும் 'மின்-சம்' (min-sum) முறையும் வழக்கில் உண்டு.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ் 5ஜி குறியீடுகள் பற்றி நடத்திய என்.பி.டி.இ.எல். பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தென்காசி வட்டாரப் பொறியியல் மாணவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும்.