ஜனவரியில் மட்டும் காட்சிக்கு வரும் டர்னர் ஓவியங்கள்... என்ன காரணம்?

லண்டனில் 1775-ல் பிறந்தவர் வாட்டர்கலர் ஓவியர் டர்னர். அப்பா முடிதிருத்துநர். சின்ன வயசுல மகன் வரைந்த படங்களைத் தன் கடையிலேயே மாட்டி விற்றார். 14 வயதில் ராயல் அகாடமி பள்ளியில் டர்னருக்கு இடம் கிடைத்தது.

எப்படி வரைந்தார்?

பயணத்தில் பென்சில் ஸ்கெட்ச். கலர் பெரும்பாலும் பிறகுதான். ஈரத் தாளில் வண்ணத்தைப் பரவவிடுவார். வெளிச்சம் தேவைப்படும் இடத்தை நகத்தால் சுரண்டி, தாளின் வெள்ளையை வெளியே கொண்டுவருவார்.

ஏன் ஜனவரி?

வெளிச்சம் பட்டால் வாட்டர்கலர் வெளுத்துடும். அதனால், தான் சேகரித்த 38 டர்னர் ஓவியங்களை ஸ்காட்லாந்து தேசிய கலைக்கூடத்துக்கு உயில் எழுதிய ஹென்றி வான், வெயில் குறைந்த ஜனவரியில் மட்டும், அதுவும் இலவசமாகக் காட்ட வேண்டும் என நிபந்தனை விதித்தார். 1900-ல் வந்து சேர்ந்த அந்த ஓவியங்களின் நிறம் இன்னும் மங்காததற்கு அதுதான் காரணம்.