நனைந்த மருந்து காய்ந்தால் பழைய மருந்தாகுமா?

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சிறுவர்கள் வாசலில் எதைத் தேடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் இரவு மழையில் நமத்து, 'புஸ்' என்று அடங்கிப்போன வெடிகளைத்தான். பொறுக்கி எடுத்து வெயிலில் காயப் போடுவார்கள். சற்றுத் துணிந்த பிள்ளைகள் தாளைக் கிழித்து, மருந்தைக் கொட்டிக் குவித்துத் தீ வைப்பார்கள். சிலது எரியவே எரியாது. சிலது மெல்லப் புகையும். எல்லாம் செத்த வெடி என்று குனிந்து பார்க்கும் நேரத்தில் ஒன்று மட்டும் முகத்துக்கு நேரே சீறும்.

பிள்ளைகள் செய்வது விளையாட்டு. இதையே பெரியவர்கள் துப்பாக்கித் தோட்டாவில் செய்தால்?

கோத்தா திங்கியில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. ஜொகூர் ஆற்றின் கரையில் அமைந்த அந்த ஊரை 2006 டிசம்பரில் வெள்ளம் மூழ்கடித்தது. அடித்துப்போன சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மீண்டும் வெள்ளம் வந்தது. ஆற்றின் அபாய அளவு 2.8 மீட்டர். அந்த ஜனவரியில் தண்ணீர் 5.45 மீட்டர் வரை ஏறியது. இரண்டு வெள்ளத்திலும் சேர்த்து ஜொகூர் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

வெள்ளம் வடிந்த வீட்டில் என்ன நடக்கும்? அரிசியைக் கொட்டுவார்கள். மெத்தையை வீசுவார்கள். விலை உயர்ந்த பொருளை மட்டும் வீச மனம் வராது. வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். செம்பனைத் தோட்டங்களும் காடும் சூழ்ந்த வட்டாரத்தில் காட்டுப்பன்றியிலிருந்து பயிரைக் காக்க உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்போர் உண்டு. தோட்டா எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. எண்ணிக் கொடுக்கப்படும் பொருள். அதனால்தான், காயவைத்தால் சரியாகிவிடும் என்று கை தயங்குகிறது. இந்தத் தயக்கத்துக்கு வரலாறு பல முறை பதில் சொல்லியிருக்கிறது.

உப்பு செய்யும் வேலை

கோத்தா திங்கிக்குக் கீழே, அதே ஆற்றின் கரையில் இருக்கிறது ஜொகூர் லாமா. பழைய ஜொகூர் அரசின் கோட்டை நின்ற இடம். 1587ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் கடல் வழியாக வந்து அதைத் தாக்கி எரித்தனர். அங்கிருந்த பீரங்கிகளையும் அள்ளிச் சென்றனர். பீரங்கி என்றால் பக்கத்திலேயே மருந்துக் கிடங்கும் இருந்தாக வேண்டும். ஆற்று ஈரம், கடற்காற்று, பருவமழை ஆகிய மூன்றுக்கும் நடுவில் மருந்தை உலர்வாக வைத்திருப்பது அக்காலப் படைகளுக்குப் பெரும் பாடு.

அந்நாளைய கருமருந்தில் இருந்தவை மூன்றே பொருள்கள்: வெடியுப்பு, கரி, கந்தகம். கரிக்கும் கந்தகத்துக்கும் தண்ணீரால் பெரிய கேடு இல்லை. வெடியுப்பு அப்படி அல்ல. பெயரிலேயே உப்பு இருக்கிறது. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மூன்றும் நெருங்கிக் கலந்திருந்தால்தான் மருந்து நொடியில் எரியும். நனைந்த மருந்தைக் காயவைக்கும்போது கரைந்த உப்பு தனியே படிகமாக உறைகிறது. ஓரிடத்தில் உப்பு மிகுதி, வேறிடத்தில் கரி மிகுதி. பார்வைக்கு அதே கறுப்புத் தூள்தான். ஆனால் அது பழைய மருந்து அல்ல.

பழைய ஆயுதக் கிடங்குக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் மருந்துப் பீப்பாய்களை அவ்வப்போது உருட்டித் திருப்பி வைத்தனர். கெட்டுப்போன மருந்தைக் காயவைத்துப் படைக்குக் கொடுக்கவில்லை. ஆலைக்குத் திருப்பி அனுப்பி, அதிலிருந்து வெடியுப்பைப் பிரித்தெடுத்தனர். நனைந்த மருந்தைக் 'குணப்படுத்த' முடியாது, புதிதாகச் செய்யத்தான் வேண்டும் என்பது அன்றைக்கே எட்டிய முடிவு.

பிளாசியில் பெய்த மழை

இந்தப் பாடத்தைக் கற்காதவர்கள் கொடுத்த விலை என்ன? 1757 ஜூன் 23. வங்காளத்தின் பிளாசிக் களம். ஒரு பக்கம் நவாப் சிராஜ் உத் தௌலாவின் பெரும்படை. மறு பக்கம் ராபர்ட் கிளைவின் சுமார் 3,000 பேர். முந்தைய ஆண்டு சென்னையிலிருந்து கப்பலேறி வந்த வீரர்கள் அந்தப் படையில் இருந்தனர்.

நண்பகலில் மழை கொட்டியது. ஆங்கிலேயர் தார் பூசிய துணிகளை இழுத்துத் தங்கள் மருந்தை மூடினர். நவாப்பின் பக்கம் மருந்து திறந்து கிடந்து நனைந்தது. மழை விட்டதும் நவாப்பின் தளபதி மீர் மதன், எதிரியின் பீரங்கிகளும் ஊமையாகியிருக்கும் என்று எண்ணிக் குதிரைப் படையோடு முன்னேறினார். எதிரியின் பீரங்கிகள் ஊமையாகவில்லை. மீர் மதன் களத்திலேயே வீழ்ந்தார்.

பிளாசியின் முடிவை மழை மட்டும் எழுதவில்லை. மீர் ஜாபரின் துரோகம் அதைவிடப் பெரிய காரணம். ஆனாலும் அன்று அந்தத் துணிகள் செய்த வேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

வயல்வெளியில் சென்னைச் சிப்பாய்கள்

இன்னொரு மழை நாள் தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. முதல் அபினிப் போரில் ஆங்கிலேயர் சென்னைப் படையைச் சீனாவுக்கு அழைத்துச் சென்றனர். 1841 மே 30 அன்று, கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊரின் அருகே, சென்னையின் 37ஆம் காலாட்படையைச் சேர்ந்த ஒரு சிறு பிரிவு இடி மழையில் வழிதவறித் தனித்துப் போனது. நீர் நிறைந்த நெல்வயல்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் திரண்ட கிராமத்து மக்கள். தங்கள் மண்ணில் புகுந்த அந்நியப் படையின் மீது அவர்களுக்கு இருந்த கோபத்திலும் நியாயம் இருந்தது.

சிப்பாய்களிடம் இருந்தவை சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிகள். மழையில் பொறி பிடிக்கவில்லை, மருந்தும் நனைந்துபோனது. துப்பாக்கி வெறும் கம்பாயிற்று. அவர்கள் நாற்புறமும் முகம் காட்டிச் சதுரமாக அணிவகுத்து, முனையில் செருகிய ஈட்டிக் கத்தியை மட்டும் நம்பி மணிக்கணக்கில் நின்றனர்.

இரவில் அவர்களை மீட்டு வந்தவர்கள் கடற்படை வீரர்கள். அவர்களின் துப்பாக்கிகள் அதே மழையில் சுட்டன. காரணம், அவை புதுவகை. கல்லுக்குப் பதிலாக, தட்டினால் தீப்பற்றும் மருந்து அடைத்த சிறு செப்புத் தொப்பி, அதாவது 'கேப்', அவற்றில் இருந்தது. தட்டித் தீயெழுப்பும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த முறை சென்னைச் சிப்பாயின் கைக்கு வந்து சேரவில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். நல்ல கருவி முதலில் யாருக்கு, பழைய கருவி யாருக்கு என்ற கணக்கு அன்றும் இருந்தது.

ஈரத்துக்குப் பூசிய கொழுப்பு

ஈரத்தைத் தடுக்கும் முயற்சியே 1857இல் ஒரு பேரரசை உலுக்கியது. புதிய என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டா, மருந்தும் குண்டும் சுற்றிய காகிதப் பொட்டலம். குண்டு குழாயில் வழுக்கி இறங்கவும், காகிதத்தில் ஈரம் ஏறாமல் இருக்கவும் அதன் ஒரு முனையில் கொழுப்பு தடவினர். தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவியபோது, இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒரே நேரத்தில் கொதித்தனர். கிளர்ச்சிக்கு நிலம், வரி, அவமதிப்பு என்று ஆழமான காரணங்கள் பல இருந்தன. ஆனால் திரியில் பட்ட பொறி, ஈரத்துக்கு அஞ்சிப் பூசிய அந்தக் கொழுப்புதான்.

இன்றைய தோட்டாவில் என்ன கெடும்?

பிறகு காலம் மாறியது. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். இது வெடியுப்புப் போலத் தண்ணீரில் கரைவதில்லை. அப்படியானால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை. இந்த மருந்துக்கு ஆயுள் உண்டு. அது தானாகச் சிதையாமலிருக்க நிலைப்படுத்தும் பொருள் ஒன்றைக் கலக்கிறார்கள். வெப்பமும் மோசமான சேமிப்பும் அந்த ஆயுளைக் குறைக்கும். பழைய மருந்து தானே சிதைந்து தீப்பிடித்ததால்தான், 1911 செப்டம்பரில் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 'லிபர்த்தே' என்ற போர்க்கப்பல் வெடித்து ஏறக்குறைய 300 பேர் மாண்டனர்.

இன்றைய தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன. கூடு, குண்டு அல்லது ரவை, மருந்து, அடியில் உள்ள சிறு கிண்ணமான 'பிரைமர்'. வெளிநாடுகளில் சிலர் இவற்றைத் தனித்தனியாக வாங்கித் தாங்களே தோட்டா அடைக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பின் 'இவை தேறுமா?' என்ற கேள்வி அங்கேயும் எழுகிறது.

ஈயக் குண்டுக்குத் தண்ணீரால் கேடில்லை. பித்தளைக் கூடு அரிக்கப்படாமலும் வெடிப்பு விடாமலும் இருந்தால் தேறலாம். மருந்தும் பிரைமரும் அப்படி அல்ல. ஆற்று வெள்ளம் சுத்தமான தண்ணீர் அல்ல. சேறு, உப்பு, எண்ணெய், சாக்கடை எல்லாம் அதில் உண்டு. மருந்துத் துகள்களில் எது ஒட்டியது, எது போயிற்று என்று கண்ணால் சொல்ல முடியாது.

பிரைமர்தான் பெரிய ஏமாற்றுக்காரன். தொழிற்சாலையில் அதன் மருந்தைக் கையாளும்போது பாதுகாப்புக்காக ஈரமாகவே வைத்திருப்பார்கள். காய்ந்த பிறகுதான் அதற்கு வேகம் வரும். ஆகவே வெள்ளத்தில் நனைந்த பிரைமர் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. காய்ந்தால் உயிர் வரலாம். அரை உயிரும் வரலாம்.

அந்த அரை உயிர்தான் ஆபத்து. முழுதும் கெட்ட தோட்டா சுடாது, அதோடு முடிந்தது. அரைகுறையாகக் கெட்ட தோட்டா குண்டைத் தள்ளும். ஆனால் குழாயைத் தாண்டித் தள்ளாது. 'டப்' என்ற மெல்லிய சத்தத்தோடு குண்டு குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். சுட்டவர் அதை அறியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால், போக வழியில்லாத அழுத்தம் குழாயையே பிளக்கும். பக்கத்தில் இருப்பது சுட்டவரின் விரல்களும் கண்ணும். இன்னொரு வகையும் உண்டு. விசையை இழுத்தும் சத்தம் வராது. என்ன ஆயிற்று என்று துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில், தாமதமாகத் தீப்பற்றி வெடிக்கும்.

தொழிற்சாலையில் அடைத்து, இடுக்குகளில் அரக்குப் பூசிய தோட்டாவுக்குள் சிறிது நேர நனைவில் தண்ணீர் புகாமலும் இருக்கலாம். ஆனால் புகுந்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய வழியில்லை. பத்தில் ஒன்பது நன்றாக இருக்கலாம். கையைப் பறிப்பது அந்தப் பத்தாவது.

செத்துப்போனது என்று நம்பலாமா?

'அப்படியானால் ஆற்றில் எறிந்துவிடலாமே, தண்ணீரே அதைக் கொன்றுவிடுமே' என்று கேட்போர் உண்டு. கோத்தா திங்கியிலிருந்து கடல் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே அப்பர் புக்கிட் தீமா சாலையருகே கட்டுமான இடத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து 100 கிலோ விமானக் குண்டு ஒன்று அகப்பட்டது. 2023 செப்டம்பர் 26 அன்று அதை அந்த இடத்திலேயே வெடிக்கவைத்து அழிக்க, சுற்றுவட்டாரத்தில் 4,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. எண்பது ஆண்டு மழையும் ஈர மண்ணும் அதைக் கொல்லவில்லை.

ஆகவே தண்ணீரைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உள்ளன. காய்ந்தால் நல்லதாகிவிடும் என்பது ஒன்று. நனைந்தால் செத்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே மனிதரைக் கொன்றிருக்கின்றன. தண்ணீர் வெடிமருந்தை உயிரோடும் விடுவதில்லை, சாகவும் விடுவதில்லை. அதன் மேல் வைத்த நம்பிக்கையைத்தான் அடித்துச் செல்கிறது.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதும் குற்றம். எனவே நனைந்த தோட்டாவைப் பிரித்து, மருந்தைக் காயவைத்து, மறுபடி அடைப்பது பற்றிய பேச்சுக்கே இங்கு இடமில்லை. வெயிலில் வைக்கக் கூடாது. அடுப்பருகே வைக்கக் கூடாது. குப்பையில் போடவோ, புதைக்கவோ, எரிக்கவோ கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஒதுக்கி வைத்து, போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும்படி நடப்பதே முறை. துப்பாக்கியே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், தெரிந்தவர் பார்த்துச் சொல்லும் வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பிளாசியில் மருந்தை மூடாதவர்களுக்கு மறு வாய்ப்பு கிடைக்கவில்லை. சான்யுவான்லி வயலில் நின்ற சிப்பாய்களைக் காப்பாற்ற வேறு ஆட்கள் வந்தார்கள். வெள்ளம் வடிந்த வீட்டின் பின்கட்டில் தனியாகத் தோட்டா காயவைப்பவரைக் காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை. போன தோட்டாவுக்கு வேறு வாங்கலாம். போன விரலுக்கு?